கரைக்காமல் விட்ட பிள்ளையார்

போன வாரம் நம் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள்: "அம்மா ஞாபகமா உங்க வூட்ல என்னா வச்சிருக்கீங்க? போட்டோ போடுங்கடி." அன்றைக்கு முழுக்கப் படங்கள் வந்து குவிந்தன. ஒருத்தி வெற்றிலைப் பெட்டி போட்டாள். ஒருத்தி அம்மிக்கல்லையே போட்டாள். எட்டுக்கல் மூக்குத்தி போட்டவளுக்கு எல்லாரும் பூவும் இதயமுமாக அனுப்பித் தள்ளினீர்கள். நான் போட்ட படத்துக்கு மட்டும் ஒரு சத்தமும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து ஒருத்தி, "என்னாடி இது, காஞ்சுபோன கொழுக்கட்டையா?" என்று கேட்டாள்.

கொழுக்கட்டை இல்லையடி, அது பிள்ளையார். கட்டை விரலால் தட்டித் தட்டி நாலு வரி எழுத எனக்குப் பொறுமை கிடையாது, கோபம்தான் வரும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் உட்கார்ந்து நீளமாகவே எழுதிவிடுகிறேன். நமக்கெல்லாம் முப்பத்தாறு முடிந்துவிட்டது. பாதிப் பேருக்கு முட்டி வலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. இனியும் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்.

நாம் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் அது. பாண்டி ஆடச் சில்லு தேடி நாம் அலைந்ததே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? வேலியோரம் குனிந்தால் போதும். உடைந்த ப்யூஸ் கட்டை, காது போன ஊறுகாய் ஜாடி, மூக்கில்லாத செட்டியார் பொம்மை என்று பீங்கான் துண்டு கிடைக்கும். வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த டீச்சர், "உங்க ஊருல மண்ணை விட பீங்கான்தான் அதிகமா இருக்குது" என்று சொல்லிக் காலில் குத்தியதைப் பிடுங்கிப் போட்டது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

என் அம்மாவும் அப்பாவும் ஒரே பொம்மைப் பட்டறையில் வேலை பார்த்தார்கள். அப்பா அச்சு ஊற்றுகிறவர். கரைத்த வெள்ளை மண்ணை அச்சுக்குள் ஊற்றி, இறுகியதும் பிரித்துப் பொம்மையை எடுத்து வைப்பார். பச்சைப் பொம்மை பார்க்கவே பரிதாபமாக இருக்கும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு தலையிலிருந்து கால் வரை தழும்பு மாதிரி ஓடும். அதைச் சின்னக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது பெண்கள் வேலை. அம்மா அதைத்தான் செய்தாள். கோடு மட்டும் இல்லை, யார் கை பட்ட தடமும் பொம்மையில் இருக்கக் கூடாது. பச்சையில் தெரியாத விரல் ரேகைகூட வெந்ததும் பளிச்சென்று எழுந்து வரும், முதலாளி அந்தப் பொம்மையைத் தள்ளிவிடுவார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அம்மாவின் கை ஈரத்திலேயே ஊறிக் கிடக்கும். வீட்டுக்கு வந்து மஞ்சள் தேய்த்துக் குளித்த பிறகும் நகக்கண்ணில் வெள்ளை போகாது. அவள் என்னை அணைத்துக்கொண்டால் மஞ்சள் வாசனைக்கு அடியில் ஈர மண் வாசனை வரும்.

பிள்ளையார் சதுர்த்திக்கு நம் தெருவில் எல்லாரும் கடைத்தெருவில் களிமண் பிள்ளையார் வாங்கி, குடை வைத்துத் தூக்கி வருவார்கள். எங்கள் வீட்டில் அது கிடையாது. அச்சின் வாயில் வழிந்து இறுகின மண்ணைப் பட்டறையிலிருந்து ஒரு பிடி கொண்டுவந்து அம்மாவே பிடிப்பாள். அதற்கு முந்தின வருஷம், அதாவது நான் ஐந்தாவது படித்தபோது, தோட்டத்தில் குந்திக்கொண்டு அவள் பிடித்தது என் கண் முன்னாலேயே நடந்தது. ஒரு உருண்டை, அதன் மேல் ஒரு சின்ன உருண்டை, ஒரு துதிக்கை. கண்ணுக்கு இரண்டு குன்றிமணி. கடைசியாகப் பிள்ளையாரை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கைப் பெருவிரலால் மடியில் ஒரே அமுக்கு. கொழுக்கட்டை வைக்கக் குழி.

"தொந்தி பத்தலம்மா" என்றேன்.

"பட்டறையில வேல பாக்கற புள்ளையாரு, இவ்ளோதான் இருப்பாரு, போ" என்றாள்.

அன்றைக்குக் கொழுக்கட்டை செய்து இறக்கிவிட்டு அம்மா படுத்தாள். பத்து நாளாகவே அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தாள், நாங்களும் வேலை அசதி என்றே நினைத்தோம். மறுநாள் கண்ணெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள், ஊரே பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு மணிமுத்தாற்றுக்குப் போனபோது, அப்பா அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். காமாலை முற்றிப்போயிருந்தது. ஐந்தாம் நாள் அவளைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். எங்கள் பிள்ளையாரைக் கரைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது சுவர் அலமாரியில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அம்மாவின் சாமான் அதிகம் இல்லை. நல்ல புடவைகளைச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள், அதுதான் வழக்கம் என்றார்கள். மூக்குத்தியை எனக்கென்று அத்தை வாங்கிப் பத்திரப்படுத்தினார். போட்டோ என்று பார்த்தால் ஓட்டுப் போடும் அட்டையில் இருந்தது ஒன்றுதான். அதை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னதற்கு, அந்தப் புண்ணியவான் கம்ப்யூட்டரில் அம்மாவின் தலையை மட்டும் வெட்டி, பட்டுப்புடவையும் காசுமாலையுமாக இருந்த வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டிக் கொடுத்தான். முகத்தையும் ரோஜாப்பூ நிறத்துக்கு ஆக்கிவிட்டான். பதினாறாம் நாள் காரியத்தில் அதற்கு மாலை போட்டு எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. யாரோ பணக்கார வீட்டு அம்மாவைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அப்பா அந்தப் படத்தின் பக்கமே திரும்ப மாட்டார். ஆனால் தினமும் காலையில் குளித்துவிட்டு, இடுப்பில் ஈரத் துண்டோடு, அலமாரி முன்னால் போய் நிற்பார். எனக்கு அவர் முதுகுதான் தெரியும். தலை குனிந்திருக்கும், வலது கை லேசாக முன்னால் நீண்டிருக்கும். கால் மணி நேரம்கூட நிற்பார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். அதற்கு முன் சாமி பூதம் என்று எதையும் கும்பிடாத மனுஷன். "பொண்டாட்டி போன பொறவு ஆளு பக்தியாயிட்டாரு" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் அவர் பிள்ளையாரைத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்தேன். அப்பாவுக்கு அப்போது இப்போதைய என் வயசு. அதை நினைத்தால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

அத்தை என்றேனே, அவர் அப்பாவின் அக்கா. ஸ்ரீமுஷ்ணத்தில் வாழ்க்கைப்பட்டவர். வெள்ளிக்கிழமைதோறும் ஒயர் கூடையோடு பஸ்ஸை விட்டு இறங்குவார். வந்ததும் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் வீட்டுப் பாத்திரங்களைக் கரி போகத் தேய்ப்பார். என்னைப் பிடித்து உட்கார வைத்துப் பேன் பார்த்து, எண்ணெய் வைத்து, காது வலிக்க இழுத்துப் பின்னுவார். கை ஓயாத மாதிரியே வாயும் ஓயாது. அவர் கண்ணில் அந்தப் பிள்ளையார் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. கரைக்க வேண்டிய சாமி, பார்க்கவும் கூடாது கும்பிடவும் கூடாது என்று ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடியிருந்தார். அப்பா காலையில் துணியை விலக்குவார். அத்தை வந்தால் மறுபடி மூடுவார்.

அம்மா போய் வருஷம் திரும்புகிற ஆவணி வந்தது. தலைத் திவசம் முடியாததால் எங்களுக்கு அந்தச் சதுர்த்தி கிடையாது. ஆனால் அத்தை ஒரு முடிவோடு வந்திருந்தார்.

"ஏண்டா தம்பி, தண்ணில போவ வேண்டிய சாமிய வூட்ல குந்த வச்சிருக்கறியே, வூடு வெளங்குமா?" என்றார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"பாத்துக்கலாம்க்கா."

"என்னாத்த பாக்கறது? ஒரு வருசமா இதத்தான் சொல்லிக்கினு இருக்கற. தெவசத்துக்கு மின்னாடி அத ஆத்துல வுட்டுடணும். இல்லன்னா சாமியும் நடுவழியில நிக்கும், அவளும் நடுவழியில நிப்பா. ஊருக்காரங்க மூணாம் நாளு கரைக்கப் போவாங்க இல்ல, அன்னிக்கு நானே எடுத்துட்டுப் போறேன்."

அப்பா பிசைந்த சோற்றை ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். பிறகு, "சரிக்கா, எடுத்துட்டுப் போ" என்றார்.

நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். அம்மா கையால் செய்த ஒரே பொருள். அதையும் கொடுத்துவிடுகிறாரே, இவ்வளவுதானா இந்த அப்பா என்று ஆத்திரமாக வந்தது. பத்து வயசுப் பெண்ணுக்கு வருகிற ஆத்திரம் சின்னது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் அதை எடுத்து வைக்கோல் போரில் ஒளித்து வைத்திருக்கும். நான் நம் ஊர்ப் பிள்ளை. பச்சை மண்தானே கரையும், வெந்துவிட்டால் எந்த ஆறு வந்தாலும் கரைக்க முடியாதே என்று எனக்குத் தோன்றியது. எவ்வளவு பெரிய புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சமயமும் வாய்த்தது. கொலு பொம்மை லோடு ஏற்றிக்கொண்டு அப்பா மெட்ராசுக்குப் போனார், திரும்ப நாலு நாள் ஆகும். துணைக்கு அத்தை வந்து தங்கினார். அவர் தோட்டத்தில் துணி துவைக்கிற நேரமாகப் பார்த்து, வெள்ளைத் துணியை விலக்கிப் பிள்ளையாரை எடுத்தேன். ஒரு வருஷமாக அதை யாரும் இடத்தை விட்டு நகர்த்தவில்லை, அடியில் வட்டமாகத் தூசி படிந்திருந்தது. பிள்ளையார் இருந்த இடத்தில் ஒரு சின்னச் சொம்பைக் கவிழ்த்துத் துணியால் மூடினேன். அத்தை நாலு நாளும் அந்தச் சொம்பைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

சின்னச் சின்னப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் தங்கள் சரக்கைக் கொண்டுபோய்ப் பொதுச் சூளையில் வேக வைப்பார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே சரக்கு அடுக்குகிற மாமா ஒருவர், அப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர். பள்ளிக்கூடம் போகிற வழியில் பையோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"என்னா பாப்பா, ஸ்கூலு இல்லியா?"

"அப்பா இத வேவ வச்சுக் குடுக்கச் சொன்னாங்க மாமா."

பாவாடைத் துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்துப் பார்த்தார். பார்த்ததும் தெரிந்துகொண்டார். "இது உங்கம்மா புடிச்சதாச்சே. அவனே கொண்டாந்து குடுத்திருக்கலாமே."

"அவங்களால முடியலியாம். அழுகை வருதாம்."

இந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மாமாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையாரைத் திருப்பி அடியில் தட்டிப் பார்த்தார்.

"கெட்டியா இருக்குது பாப்பா. உள்ள துளி ஈரம் இருந்தாலும் வெடிச்சிடும். அடியில ஓட்ட போட்டு அனுப்பறேன். அப்பறம் வெடிச்சுதுன்னா மாமாவ கேக்கக் கூடாது. க்ளேஸு போடட்டா? பளபளன்னு வரும்."

"வேணாம் மாமா. அப்படியே இருக்கட்டும்."

"கண்ண எடுத்துடறேன், எப்படியும் எரிஞ்சுதான் போவும்" என்று குன்றிமணி இரண்டையும் ஊக்கால் நெம்பி எடுத்து என் கையில் கொடுத்தார்.

அந்த மூன்று நாளும் எனக்குப் பாடம் ஏறவில்லை. சூளைப் புகைப்போக்கி இருந்த பக்கம் பார்க்கவே மாட்டேன். எங்கே டப்பென்று சத்தம் கேட்டாலும், போச்சு, பிள்ளையார் வெடித்துவிட்டார் என்று நினைப்பேன். கணக்கு டீச்சர் ஸ்கேலால் மேசையைத் தட்டினதற்கு நான் அழுதேன். நீங்கள்கூட என்னைக் கேலி செய்தீர்கள், மறந்திருப்பீர்கள்.

வெடிக்கவில்லை. நாலாம் நாள் மாமா செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று, கண்ணில்லாமல், சூளையின் சூடு இன்னும் மிச்சமாக, பிள்ளையார் என் கைக்குள் இருந்தது. துதிக்கையில் அம்மாவின் மஞ்சள் விரல் பட்டு லேசாக ஒரு கறை இருக்கும், அது எரிந்து போயிருந்தது. அதற்கு மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டேன். வீட்டுக்கு ஓடிவந்து, சொம்பை எடுத்துவிட்டுப் பிள்ளையாரை உட்கார வைத்துத் துணியைப் போட்டேன்.

அன்று மத்தியானமே அப்பா வந்துவிட்டார். அத்தை கடைக்குப் போயிருந்தார். அப்பா குளித்துவிட்டு நேராக அலமாரிக்குப் போய்த் துணியை விலக்கினார். நான் பின்னால் நிற்காமல் இந்தத் தடவை பக்கவாட்டில் போய் நின்றேன். அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அப்பா பிள்ளையாரைக் கையில் எடுத்தார். நகத்தால் சுண்டினார், கிண்ணென்று சத்தம் வந்தது. பிறகு வலது கைச் சுண்டுவிரலை அதன் மடிக்குழியில் வைத்தார். நகத்தளவோடு விரல் நின்றுவிட்டது. எடுத்தார், கொஞ்சம் திருப்பி மறுபடி வைத்தார். போகவில்லை. மூன்றாவது தடவையும் வைத்துப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வருஷமாக அவர் எந்தச் சாமியையும் கும்பிட்டிருக்கவில்லை. அம்மாவின் விரல் அமுக்கிய குழியில் தன் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

மண் வெந்தால் சுருங்கும். நம் ஊரில் இது தாய்ப்பாலோடு வருகிற பாடம். ஒரே அச்சில் ஊற்றிய பச்சைப் பொம்மையையும் வெந்த பொம்மையையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அதை ஆயிரம் தடவை பார்த்தவள்தான் நான். தெரியாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"யாரு வச்சுக் குடுத்தாங்க?" என்றார். குரலில் கோபமே இல்லை.

"சூளை மாமா. நான்தான் கேட்டேன். அத்த கரைச்சுடுவாங்கன்னு... வெந்துட்டா கரையாது இல்லப்பா?"

"கரையாது" என்றார்.

பிறகு மெட்ராஸ் பையைத் திறந்து, சட்டைக்கு நடுவில் துண்டில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்தார். இன்னொரு பிள்ளையார். அதே அளவு, அதே துதிக்கை, குன்றிமணிக் கண். வரும் வழியில் பட்டறையில் இறங்கி எடுத்து வந்திருந்தார். "அத்தைக்குக் குடுக்கலாம்னு இருவது நாளு மின்னாடியே புடிச்சுக் காயப் போட்டேன்" என்றார். அந்த "சரிக்கா"வுக்கு அதுதான் அர்த்தம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று இத்தனை வருஷம் மனசுக்குள் கேட்டிருக்கிறேன். எப்படிச் சொல்வார்? நான் ஓட்டை வாய் என்பது ஊருக்கே தெரியும். அத்தை பேன் பார்க்கும்போது வேண்டியதையெல்லாம் என்னிடமிருந்து கறந்துவிடுவார்.

நான் அழ ஆரம்பித்ததும் அப்பா என் கையைப் பிடித்து, என் பெருவிரலை அந்தக் குழியில் வைத்தார். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. "உனக்குச் சரியா இருக்குது பாரு. நீயே வச்சுக்க பாப்பா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் சிரித்துவிட்டேன். அப்பா எனக்கு அம்மாவையே தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். மறுநாளிலிருந்து அவர் குளித்துவிட்டு நேராகச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவருக்கு உதவாமல் போனதைத்தான் எனக்குக் கொடுத்தார் என்று புரிவதற்கு எனக்குக் கல்யாணம் ஆகி, என் வீட்டுக்காரர் ஒரு வாரம் ஊரில் இல்லாதபோது அவர் சட்டையை நான் முகர்ந்து பார்த்த நாள் வர வேண்டியிருந்தது.

சதுர்த்தியின் மூன்றாம் நாள் அத்தை பொய்ப் பிள்ளையாரை எடுத்துக்கொண்டு என்னையும் ஆற்றுக்கு அழைத்துப் போனார். அந்த வருஷம் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. அத்தை குனிந்து தண்ணீருக்குள் பிடித்ததும் பிள்ளையாரைச் சுற்றிப் பால் மாதிரி வெள்ளையாகப் பரவியது. எனக்கு அத்தை மேல் அத்தனை கோபம். ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிறார் பார் என்று உள்ளுக்குள் கருவினேன். ஆனால் அவர் தண்ணீரைப் பார்த்து, "போயிட்டு வாம்மா. எந்தம்பியையும் புள்ளையையும் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அம்மா இறந்த அன்றுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கெல்லாம் வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் இருந்தது. சொல்லவில்லை. அத்தை போன வருஷம் போய்ச் சேர்ந்தார், அது அம்மாவின் பிள்ளையார்தான் என்று நம்பிக்கொண்டே.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கே குடி போனாலும் அந்தப் பிள்ளையார் என்னோடு வந்தது. ஷோகேஸில் மேல் தட்டில் முகம் காட்டி உட்கார்ந்திருக்கும். எனக்கு அதைக் கையில் எடுக்கப் பிடிக்காது. தூசி தட்டும்போதுகூடச் சுற்றித்தான் துடைப்பேன்.

இந்தத் தை மாசம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். கடலூரில் என் வீட்டில் பத்து நாள் தங்கினார். கட்டுப் பிரித்த பிறகு ஆளுக்குச் சின்னப் பிள்ளை குஷி. காலண்டர் எழுத்து, சுவர்ப் பல்லி, என் தலை நரை என்று எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டே வந்தவர் ஷோகேஸ் முன்னால் நின்றார். "பாப்பா, அத எடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். சோபாவில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். "நான் அன்னைக்கி இத சூளைக்கு அனுப்பியிருக்கக் கூடாதுப்பா. அம்மா வெரல உங்ககிட்டேருந்து புடுங்கிட்டேன். எனக்கு அது ஆறவே இல்ல."

அப்பா கொஞ்ச நேரம் அந்தக் குழியையே பார்த்தார்.

"இது உங்கம்மா வெரலு இல்ல பாப்பா" என்றார்.

"என்னாப்பா சொல்றீங்க?"

"பச்ச மண்ணு. தெனம் வெரல வச்சா தேயாம என்னா பண்ணும்? மொதல்ல என் சுண்டுவெரலு நுனிதான் போச்சு. ஆறு மாசத்துல பாதி வெரலு நல்லா உக்காந்துது. சரியா உக்காருதேன்னு ஒரு நாளு சந்தோசமா இருந்துது. அப்பறம்தான் ஒறச்சுது. அவ தடம் போயிடுச்சு, என் வெரலுதான் இருக்குதுன்னு. நானே அவள தொடச்சு எடுத்துட்டேன்."

"தெரிஞ்சுமா தெனம் போயி நின்னீங்க?"

"வுட முடியல."

என்னைத் தேற்றச் சொல்கிறாரோ என்றுகூட ஒரு சந்தேகம். பிள்ளையாரை வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனேன். குழிக்குள் ஒரு ரேகை இல்லை. தேய்ந்து தேய்ந்து வழவழவென்று இருந்தது. அவர் சொன்னது உண்மைதான்.

அழுகை வந்தது. முந்தானையில் முகத்தைத் துடைக்கிற சாக்கில் கையை மாற்றிப் பிடித்தபோது, பிள்ளையாரின் முதுகில் என் விரல் எதிலோ இறங்கியது. திருப்பிப் பார்த்தேன். மடியில் பெருவிரலை அமுக்குகிறவள் பின்னால் இன்னொரு கையால் தாங்கிப் பிடிக்காமல் எப்படி அமுக்குவாள்? நாலு விரலும் அங்கே வரிசையாகப் பதிந்திருந்தன. முதுகுதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று துடைக்காமல் விட்டிருக்கிறாள். ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் ரேகை சுழி சுழியாக, எண்ணி எடுக்கலாம் போல அத்தனை தெளிவாக எழுந்து நின்றது. சுவரோரம் இருந்த பக்கம். பச்சை மண்ணாக இருந்தவரை அப்பாவின் கை அங்கே போனதே இல்லை.

"அப்பா, இங்க வாங்க" என்றேன்.

வந்து குனிந்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது. ஐம்பதாயிரம் பொம்மை பார்த்த கண் அது, எது யார் கைத்தடம் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. நான் பிள்ளையாரை அவர் பக்கம் நீட்டினேன்.

"தொட்டுப் பாருங்கப்பா. வெந்த மண்ணுதான், ஒண்ணும் ஆவாது."

அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டார். "வேணாம் பாப்பா, இருக்கட்டும்" என்றார். அப்படியே குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.